சைக்காலஜி ரிசர்ச் ரிப்போர்ட் எழுதுறது எப்படி? ஸ்ட்ரூப் டெஸ்ட்ட வச்சு ஒரு எளிய விளக்கம்

சைக்காலஜி படிக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு எக்ஸ்பெரிமென்ட் பண்றதுல பெரிய கஷ்டம் இருக்காது, பண்ணதை எழுதணும்னு வரும்போதுதான் கை நின்னுடும். அப்ஸ்ட்ராக்ட், இன்ட்ரொடக்சன், மெத்தட், ரிசல்ட்ஸ், டிஸ்கஷன்னு தலைப்பெல்லாம் வரிசையா சொல்லத் தெரியும், ஆனா எந்த விஷயம் எந்தத் தலைப்புக்குக் கீழ போகணும், ஏன் அங்க போகணும்னு யாரும் உட்கார வச்சு சொல்லியிருக்க மாட்டாங்க, அதனால சீனியரோட ரெக்கார்டு நோட்ட வாங்கி நம்பரை மட்டும் மாத்தி எழுதிட்டு வைவாவுல எக்ஸ்டர்னல் ஒரு கேள்வி கேட்டதும் முழிக்க வேண்டியதாயிடுது. பிஎஸ்சி முதல் வருஷம் படிக்கிறவங்களும், தபால் வழியில எம்ஏ பண்ணிக்கிட்டு முதல் தடவை புராஜெக்ட் எழுத உட்காருறவங்களும் படிச்சா புரியுற மாதிரி இத எழுதப் பாக்குறேன்.

ரிப்போர்ட்டோட வேலை என்னன்னு முதல்ல தெளிவாயிட்டா பாதி குழப்பம் போயிடும். உங்கள யாருன்னே தெரியாத, உங்கள நம்பணும்னு எந்த அவசியமும் இல்லாத ஒருத்தர் இதப் படிக்கப் போறார். நீங்க என்ன பண்ணீங்கன்னு அவருக்கு முழுசா தெரியணும், வேணும்னா அதையே அவரும் பண்ணிப் பாக்க முடியணும், உங்க முடிவ ஏத்துக்கலாமா வேணாமான்னு அவரே தீர்மானிக்கிற அளவுக்கு எல்லாத்தையும் அவர் முன்னாடி வச்சிருக்கணும், அவ்வளவுதான் வேலை. ஏபிஏன்னு சொல்ற அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷனோட எழுத்து விதிமுறை 1929-ல ஒரு ஜர்னல்ல வந்த ஏழு பக்கக் கட்டுரையாதான் ஆரம்பிச்சுது, இன்னைக்கு அது ஏழாவது பதிப்புல தடியான புத்தகமா நிக்குது. அந்தப் புத்தகத்துல இருக்குற விதிகள்ல நிறையது இந்த அறிமுகமில்லாத வாசகர் தடுமாறாம படிக்கணும்னு வந்ததுதான். மார்ஜின், ஸ்பேசிங் எல்லாம் பிறகு சரி பண்ணிக்கலாம், அந்த வாசகர மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

உதாரணத்துக்கு ஸ்ட்ரூப் டெஸ்ட்ட எடுத்துக்குறேன், ஏன்னா சைக்காலஜி லேபுக்குள்ள கால் வச்ச எல்லாருக்கும் தெரிஞ்சது அது. ‘சிவப்பு’ங்கிற சொல்ல பச்சை மையில அச்சடிச்சு வச்சு, என்ன எழுதியிருக்குன்னு படிக்காம மையோட நிறத்த மட்டும் சொல்லுங்கன்னா நாக்கு தடுமாறும். ஒரு ஷீட்ல வெறும் நிறக் கட்டங்கள், இன்னொரு ஷீட்ல இந்த மாதிரி பொருந்தாத சொற்கள், ரெண்டுலயும் நிறத்தச் சொல்ல ஆகுற நேரத்த ஒப்பிடுறதுதான் டெஸ்ட். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் அமெரிக்காவுல நாஷ்வில் ஊர்ல இருந்த ஜார்ஜ் பீபாடி காலேஜ்ல தன்னோட பிஎச்டிக்காக இதப் பண்ணி 1935-ல வெளியிட்டார். மூணு எக்ஸ்பெரிமென்ட் அதுல இருக்கு. நம்ம எல்லாரும் செய்யுறது ரெண்டாவது. முதலாவத பத்தி யாரும் பேசுறதில்ல, ஆனா ரிப்போர்ட் எழுதக் கத்துக்குறவங்களுக்கு அந்த முதலாவதுதான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், அது ஏன்னு கொஞ்சம் தள்ளி சொல்றேன்.

எழுத உட்காரும்போது முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. மெத்தட்ல ஆரம்பிங்க. எக்ஸ்பெரிமென்ட் முடிச்ச அன்னைக்கே, மறக்குறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, ஏன்னா அது நீங்க செஞ்ச விஷயம், யோசிச்சுக் கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்ல, ஞாபகம் இருந்தா போதும். மெத்தட்ல முதல்ல பார்ட்டிசிபன்ட்ஸ், அதாவது யார் யாரெல்லாம் கலந்துக்கிட்டாங்க. எத்தன பேர், வயசு என்ன ரேஞ்ச், ஆண் பெண் எத்தன, எப்படிக் கூப்பிட்டீங்க, சம்மதம் வாங்குனீங்களா. இங்க ரெண்டு விஷயத்த நிறைய பேர் விட்டுடுறாங்க. ஒண்ணு, யார யாரெல்லாம் சேக்கல, யார நடுவுல எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்கங்கிறது. 26 பேர் வந்து ரெண்டு பேரோட டேட்டாவ எடுத்திருந்தா அந்த ரெண்டு பேரப் பத்தியும் எழுதியே ஆகணும். ‘ஒருத்தருக்கு நிறக்குருடு இருந்தது, இன்னொருத்தர் பாதியில எழுந்து போயிட்டார்’னு ஒரே வரி போதும், ஆனா அந்த வரி இல்லன்னா படிக்கிறவருக்கு 24ங்கிற நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது. இன்னொண்ணு, இந்த டெஸ்ட்டுக்கு எது முக்கியமோ அந்தத் தகவல். ஸ்ட்ரூப்ல வயச விட முக்கியம், அவங்க அந்த மொழிய எவ்வளவு சரளமா படிப்பாங்கங்கிறது, ஏன்னா படிக்கிறது தானா நடந்தாதான் தடுமாற்றமே வரும், எழுத்து கூட்டிப் படிக்கிறவருக்கு அந்தத் தடுமாற்றம் அவ்வளவு இருக்காது.

நம்ம ஊர்ல இது நிஜமாவே ஒரு பிரச்சினை. ஒரே கிளாஸ்ல பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம். ஷீட்ட இங்கிலீஷ்ல அடிச்சீங்களா தமிழ்ல அடிச்சீங்களா, பதில எந்த மொழியில சொல்லச் சொன்னீங்க, இதெல்லாம் ரிசல்ட்ட மாத்தக்கூடிய விஷயங்கள். தமிழ்ல அடிச்சிருந்தா ‘பச்சை’யும் ‘நீலம்’மும் சொல்ல எடுக்குற நேரம் ஒண்ணுதானாங்கிற கேள்வியும் கூடவே வரும். ரெண்டு ஷீட்டுலயும் அதே நிறங்கள், அதே எண்ணிக்கையில இருந்தா அந்த வித்தியாசம் ரெண்டு பக்கமும் சமமா விழுந்துடும், அதனாலதான் ஒவ்வொரு நிறமும் எத்தன தடவை வந்துச்சுன்னு எழுதணும்.

இதுல ஸ்ட்ரூப் எவ்வளவு கவனமா இருந்தார்னு பாத்தா நமக்கே ஆசையா இருக்கும். அவரோட ஷீட்ல 10 வரிசை, 10 பத்தி, மொத்தம் 100 சொல். சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு, ஊதான்னு அஞ்சு நிறம். எந்தச் சொல்லும் அது சொல்ற நிறத்துலயே அச்சாகல, மத்த நாலு நிறத்துலயும் சமமான தடவை வந்துச்சு. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வரிசையிலயும் ஒவ்வொரு பத்தியிலயும் ரெண்டே தடவை, ஒரே நிறம் அடுத்தடுத்து வராம பாத்துக்கிட்டார். இத்தனையும் அவர் எழுதி வச்சதாலதான் தொண்ணூறு வருஷம் கழிச்சு நான் இங்க உக்காந்து இத உங்களுக்குச் சொல்ல முடியுது, நீங்களும் நாளைக்கே அதே ஷீட்ட ஒரு கலர் பிரிண்டர்ல எடுத்துட முடியும். மெட்டீரியல்ஸ் பகுதிய எழுதும்போது இந்த அளவுக்கு எழுதணும். ‘ஸ்ட்ரூப் ஷீட் பயன்படுத்தப்பட்டது’ன்னு ஒரு வரியோட விட்டா அத வச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

புரொசீஜர்ல நடந்ததை நடந்த வரிசையில, இறந்த காலத்துல எழுதுங்க. நிறைய ரெக்கார்டுல ‘பங்கேற்பாளரை அமர வைக்கவும், ஷீட்டைக் கொடுக்கவும்’னு கட்டளை மாதிரி இருக்கும், அது லேப் மேனுவல்ல இருந்து அப்படியே எடுத்தது, நீங்க செஞ்சதோட கணக்கு ஆகாது. ‘உட்கார வைத்தோம், கொடுத்தோம்’னுதான் வரணும். அவங்ககிட்ட சொன்ன வார்த்தைகள முடிஞ்சவரைக்கும் அப்படியே எழுதுங்க, ஏன்னா ‘வேகமா சொல்லுங்க’ன்னு சொல்றதுக்கும் ‘தப்பில்லாம சொல்லுங்க’ன்னு சொல்றதுக்கும் வர்ற டேட்டா வேற வேற. தப்பா சொன்னா என்ன பண்ணாங்க? ஸ்ட்ரூப் தப்பு பண்ணா அங்கயே திருத்திட்டுப் போகச் சொன்னார், அதனால தப்புக்கு ஆன நேரமும் மொத்த நேரத்துக்குள்ளயே வந்துடும். நீங்க திருத்தச் சொல்லலன்னா தப்புகள தனியா எண்ணியிருக்கணும். அப்புறம் எந்த ஷீட் முதல்ல, எது ரெண்டாவது? எல்லாருக்கும் ஈஸியான ஷீட்ட முதல்ல கொடுத்திருந்தா, ரெண்டாவதுல லேட் ஆனது களைப்பாலயா தடுமாற்றத்தாலயான்னு பிரிக்க முடியாது, அதனால பாதிப் பேருக்கு ஒரு வரிசை, மீதிப் பேருக்கு தலைகீழ் வரிசைன்னு கொடுப்பாங்க, கவுன்டர்பேலன்சிங்னு அதுக்குப் பேர். பண்ணியிருந்தா எழுதுங்க, பண்ணலன்னா அதையும் எழுதுங்க.

மெத்தட் சரியா வந்திருக்கான்னு பாக்க ஒரு வழிதான் இருக்கு. காமர்ஸோ கெமிஸ்ட்ரியோ படிக்கிற ஒரு ஃபிரண்டுகிட்ட அந்த ரெண்டு பக்கத்த மட்டும் கொடுத்து, இத வச்சு என்னையே டெஸ்ட் பண்ணுன்னு சொல்லுங்க. அவங்க எங்க நிறுத்தி ‘இப்போ என்ன பண்ணணும்’னு கேக்குறாங்களோ அங்கதான் ஒரு வரி விட்டுப்போயிருக்கு.

அடுத்து ரிசல்ட்ஸ். இதுல ஒரே ஒரு கட்டுப்பாடு, இங்க என்ன கிடைச்சுதுன்னு மட்டும்தான் சொல்லணும், ஏன் கிடைச்சுதுன்னு ஒரு வார்த்தை கூட வரக்கூடாது. கேக்க ஈஸியா இருக்கும், எழுதும்போது கை தானா ‘ஏனென்றால்’னு போட்டுடும். ஏன் இவ்வளவு கறாரா இருக்கணும்னா, உங்க விளக்கத்த ஏத்துக்காத ஒருத்தர் கூட உங்க நம்பர ஏத்துக்க முடியணும். நம்பரும் விளக்கமும் ஒரே வாக்கியத்துல கலந்து கிடந்தா அவரால பிரிச்சு எடுக்க முடியாது. ஸ்ட்ரூப்போட தடுமாற்றம் ஏன் வருதுன்னு இத்தன வருஷத்துல ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ விளக்கம் சொல்லிட்டாங்க, ஒண்ணோட ஒண்ணு சண்டையும் போட்டுட்டாங்க, ஆனா அவர் கொடுத்த 63.3 செகண்டும் 110.3 செகண்டும் அப்படியேதான் இருக்கு. நிறக் கட்டங்களோட நிறத்தச் சொல்ல சராசரியா 63.3, வேற நிறத்துல அச்சான சொற்களோட மை நிறத்தச் சொல்ல 110.3, வித்தியாசம் 47 செகண்ட், 100 பேர்கிட்ட எடுத்தது.

எழுதுற முறைய ஒரு கற்பனை நம்பர வச்சு காட்டுறேன், இது எந்த ஸ்டடியிலயும் வந்தது கிடையாது, பழகுறதுக்காக மட்டும்தான். 24 பேர், ஒவ்வொரு ஷீட்டுலயும் 32 உருப்படி. முதல்ல சராசரியும் (எம்), நேரங்கள் சராசரியில இருந்து எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டுற ஸ்டாண்டர்டு டீவியேஷனும் (எஸ்டி) சொல்லணும்: ‘கட்டங்களின் நிறத்தைச் சொல்ல எடுத்த நேரம் (எம் = 21.40 செகண்ட், எஸ்டி = 3.10), பொருந்தாத சொற்களின் நிறத்தைச் சொல்ல எடுத்த நேரத்தை (எம் = 31.00, எஸ்டி = 4.90) விடக் குறைவாக இருந்தது.’ அதுக்குப் பின்னாடி, ரெண்டு சராசரியையும் ஒப்பிடுற டி-டெஸ்ட்: ‘இந்த வித்தியாசம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது, டி(23) = 10.96, பி < .001, டி = 2.24.’ முதல்ல வர்ற டி அந்த டெஸ்ட்டோடது, கடைசில வர்ற டி கோஹன் பேர்ல இருக்குற எஃபெக்ட் சைஸ், அதாவது வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு சொல்ற அளவு, தமிழ்ல ஒரே மாதிரி தெரியுது, இங்கிலீஷ்ல வேற வேற எழுத்து. அடைப்புல இருக்குற 23, ஆட்கள் எண்ணிக்கையில ஒண்ணு கம்மி. பி வேல்யூ ஒண்ண தாண்டவே முடியாதுங்கிறதால புள்ளிக்கு முன்னாடி பூஜ்ஜியம் போடக்கூடாதுங்கிறது ஏபிஏ விதி. சாஃப்ட்வேர் .000ன்னு காட்டினா அத அப்படியே எழுதாதீங்க, வாய்ப்பு சுத்தமா பூஜ்ஜியம்னு ஒண்ணு கிடையாது, < .001னு எழுதுங்க. டேபிள்ல ஒரு தடவை கொடுத்த நம்பர வாக்கியத்துலயும் முழுசா திருப்பி எழுத வேண்டியதில்ல.

பி வேல்யூவ பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா ரிப்போர்ட்கள்ல அதிகமா தப்பாகுற இடம் இது. பி .03னு வந்தா ‘என் ஹைபோதெசிஸ் (இப்படித்தான் நடக்கும்னு முன்னாடியே சொன்ன எதிர்பார்ப்பு) சரியா இருக்க 97 சதவீதம் வாய்ப்பு’ன்னு அர்த்தம் கிடையாது. நிஜத்துல வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா, இவ்வளவு பெரிய வித்தியாசமோ இத விடப் பெரிசோ சும்மா தற்செயலா வர்றதுக்கு நூத்துல மூணு வாய்ப்பு, அவ்வளவுதான் அது சொல்லுது. வித்தியாசம் பெருசா சின்னதான்னு கூட அது சொல்லாது, ஆயிரக்கணக்குல ஆள் இருந்தா துளி வித்தியாசத்துக்கும் பி குட்டியா வந்துடும், அதனாலதான் பக்கத்துலயே எஃபெக்ட் சைஸையும் கேக்குறாங்க. இன்னொண்ணு, பி .05-க்கு மேல போனா ‘வித்தியாசம் இல்லைன்னு நிரூபணம் ஆச்சு’ன்னு எழுதிடாதீங்க, கண்டுபிடிக்க முடியலங்கிறதுதான் நியாயமான வாக்கியம். நிஜத்துல வித்தியாசம் இருந்தும், 12 பேர் மட்டும் இருக்குற ஒரு சாம்பிள்ல அது தெரியாம போயிருக்கலாம்.

மெத்தடும் ரிசல்ட்ஸும் கையில இருந்தா இன்ட்ரொடக்சன் எழுத உட்காரலாம். நிறைய பேர் இத ‘உளவியல் என்பது மனதைப் பற்றிய அறிவியல்’னு ஆரம்பிச்சு அரை பக்கம் போவாங்க, அது எதுவும் தேவையில்ல. உங்க கேள்வி எங்க இருந்து வந்துச்சுங்கிறதுதான் இன்ட்ரொடக்சன். ஸ்ட்ரூப் எப்படிப் போனார்னு பாருங்க. ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் 1886-லயே ஒரு விஷயத்தச் சொல்லியிருந்தார், ஒரு நிறத்தப் பாத்து அதோட பேரச் சொல்ல ஆகுற நேரம், அந்தப் பேர எழுத்துல படிக்க ஆகுற நேரத்த விட அதிகம், படிக்கிறது ரொம்பப் பழகி தானா நடக்குறதா ஆயிடுச்சுன்னு. அதுக்கப்புறம் வந்தவங்க அந்த வேக வித்தியாசத்துக்கு வேற வேற காரணம் தேடினாங்க. ஸ்ட்ரூப் அதையெல்லாம் சொல்லிட்டு, இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல ஒண்ணு மேல ஒண்ணு மோத விட்டா எது எதத் தடுக்கும்னு தன் கேள்விக்கு வந்து நிக்கிறார். அகலமா ஆரம்பிச்சு, முன்னாடி என்ன தெரியும்னு சொல்லி, என்ன தெரியலன்னு காட்டி, அந்த ஓட்டையில உங்க கேள்விய வச்சு, கடைசியில ஹைபோதெசிஸோட முடியணும். உங்க கேள்விக்கு வேலையில்லாத ஸ்டடி எவ்வளவு புகழ்பெற்றதா இருந்தாலும் உள்ள வர வேண்டாம்.

ஹைபோதெசிஸ தப்பாக முடியுற மாதிரி எழுதணும், அதுதான் அதோட தகுதி. ‘சொல்லின் அர்த்தம் நிறம் சொல்வதைப் பாதிக்கும்’ங்கிறது ரொம்ப தளர்வா இருக்கு, எது நடந்தாலும் சரின்னு சொல்லிக்கலாம். ‘பொருந்தாத சொற்களின் மை நிறத்தைச் சொல்ல, நிறக் கட்டங்களின் நிறத்தைச் சொல்வதை விட அதிக நேரம் எடுக்கும்’னு எழுதினா எது மாத்துறோம், எது அளக்குறோம், எந்தப் பக்கம் போகும்னு மூணும் தெரியுது, நேரம் குறைஞ்சா தப்புன்னும் தெரியுது.

இப்போ அந்த முதல் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு வர்றேன். அதுல ஸ்ட்ரூப் 70 பேர்கிட்ட தலைகீழா கேட்டார், மை நிறத்த விட்டுட்டு எழுதியிருக்குற சொல்ல மட்டும் படிங்கன்னு. கருப்பு மையில இருந்த 100 சொல்லப் படிக்க சராசரியா 41 செகண்ட், வேற வேற நிற மையில இருந்ததைப் படிக்க 43.3 செகண்ட். 2.3 செகண்ட்தான் கூடுதல், அது நம்பத்தக்க வித்தியாசம் இல்லன்னு அவரே எழுதினார். இன்னைக்கு நம்ம பாஷையில சொன்னா ரிசல்ட் வரல. ரிசல்ட் வராத எக்ஸ்பெரிமென்ட்ட அவர் தூக்கிப் போடல, கட்டுரையோட முதல் எக்ஸ்பெரிமென்ட்டா வச்சார். அத வச்சதாலதான் ரெண்டாவதுக்கு அர்த்தமே வருது. சொல் நிறத்தத் தடுக்குது, நிறம் சொல்லத் தடுக்கல. தடை ஒரு பக்கம்தான் ஓடுது. ரெண்டாவது மட்டும் இருந்திருந்தா ‘ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல வந்தா மனசு குழம்பும்’னு மட்டும்தான் சொல்லியிருக்க முடியும், இவ்வளவு கூர்மையா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

அதனால மாணவர்கள்கிட்ட நான் மனசார கேட்டுக்குறது இது ஒண்ணுதான். ரிசல்ட் வரலன்னா ரிசல்ட் வரலன்னு எழுதுங்க. ஹைபோதெசிஸ ரிசல்ட்டுக்கு ஏத்த மாதிரி திருத்தாதீங்க, ரெண்டு பேர கழிச்சா பி இறங்குதான்னு பாக்காதீங்க, மார்க் போயிடுமோன்னு ஸ்டாப்வாட்ச்ல வராத நம்பர நோட்டுல எழுதாதீங்க. ரிசல்ட்ட பாத்துட்டு அதையே முன்னாடியே எதிர்பாத்தோம்னு எழுதுறதுக்கு நார்பர்ட் கெர் 1998-ல ஹார்க்கிங்னு ஒரு பேரே வச்சார், அந்த அளவுக்கு அது பழக்கமா போயிருந்துச்சு. 2011-ல சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன்னு மூணு பேர் இதோட ஆபத்த காட்டுறதுக்காகவே ஒரு வேலை பண்ணாங்க, டேட்டாவ எப்ப நிறுத்தலாம், எத சேக்கலாம் விடலாம்னு கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கிட்டா, ஒரு பாட்டு கேட்டவங்களோட வயசே ஒன்றரை வருஷம் கிட்ட குறைஞ்சு போச்சுன்னு புள்ளியியல்படி காட்டிட முடியும்னு நிரூபிச்சாங்க. பாட்டு கேட்டா பிறந்த தேதி மாறாது, ஆனா பி வேல்யூ .05-க்குக் கீழதான் இருந்துச்சு. பொய்யான டேட்டா ஒண்ணு கூட அதுல இல்ல, சொல்லாம விட்டது மட்டும்தான்.

2015-ல இன்னும் பெரிய அதிர்ச்சி. ஓப்பன் சயின்ஸ் கொலாபரேஷன்ங்கிற பேர்ல நிறைய ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, ஜர்னல்கள்ல ஏற்கனவே வந்த 100 சைக்காலஜி ஸ்டடிகள திரும்ப செஞ்சு பாத்தாங்க. மூல ஸ்டடிகள்ல 97 சதவீதம் பேர் ரிசல்ட் வந்துச்சுன்னு சொல்லியிருந்தாங்க, திரும்பச் செஞ்சப்போ 36 சதவீதத்துலதான் வந்துச்சு. வராத ரிசல்ட்ட எல்லாரும் அலமாரியில வச்சுப் பூட்டிட்டு வந்தத மட்டும் எழுதினா துறையே எங்க போய் நிக்கும்னு இதுல தெரியுது. உங்க ரெக்கார்டு ஜர்னலுக்குப் போகப் போறதில்லதான், ஆனா ஜர்னலுக்கு எழுதப் போற கை இப்பதான் பழகுது. நல்ல ஆசிரியர் எவரும் ரிசல்ட் வரலங்கிறதுக்காக மார்க் குறைக்க மாட்டாங்க, ஏன் வரலன்னு டிஸ்கஷன்ல யோசிச்சிருக்கீங்களான்னுதான் பாப்பாங்க.

டிஸ்கஷன்ல முதல் வரியிலயே ஹைபோதெசிஸுக்கு ஆதரவு கிடைச்சுதா இல்லையான்னு சொல்லிடுங்க, நம்பர் இல்லாம, சாதாரண வார்த்தையில. பிறகு முன்னாடி இன்ட்ரொடக்சன்ல சொன்ன ஸ்டடிகளோட இது ஒத்துப்போகுதா, எங்க விலகுதுன்னு பாருங்க. அதுக்கப்புறம் வர்றதுதான் இதோட உயிர், வேற விளக்கம் ஏதாவது இருக்க முடியுமாங்கிற கேள்வி. இதுக்கு எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல எழுதினத விட நல்ல பாடம் எனக்குத் தெரியல. 45 மாணவர்களுக்கு கார் விபத்து வீடியோக்கள போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்துல போச்சுன்னு கேட்டாங்க, கேள்வில ஒரே ஒரு வினைச்சொல்ல மட்டும் மாத்தினாங்க. ‘நொறுங்க மோதினப்போ’ங்கிற மாதிரி கேட்டவங்க மணிக்கு 40 மைலுக்கு மேல சொன்னாங்க, ‘தொட்டப்போ’ங்கிற மாதிரி கேட்டவங்க சராசரியா 31.8 மைல். இத வச்சு ஞாபகமே மாறிடுச்சுன்னு அவங்க உடனே குதிச்சுடல. ரெண்டு வாய்ப்பு இருக்குன்னு எழுதினாங்க, ஒண்ணு ஞாபகமே மாறியிருக்கலாம், இல்ல, சரியா தெரியாதப்போ கேள்வில இருந்த சொல் ஒரு பெரிய நம்பர் பக்கம் சாய வச்சிருக்கலாம். முதல் எக்ஸ்பெரிமென்ட்டால ரெண்டையும் பிரிக்க முடியாது, அதனால 150 பேர வச்சு இன்னொண்ணு பண்ணாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டாங்க, வீடியோவுல கண்ணாடியே உடையல. ‘நொறுங்க’ங்கிற சொல்லக் கேட்ட 50 பேர்ல 16 பேர் பாத்தேன்னாங்க, சாதாரணமா ‘இடிச்சப்போ’ன்னு கேட்ட 50 பேர்ல 7 பேர், வேகத்தப் பத்தியே கேக்காத 50 பேர்ல 6 பேர். தன்னோட விளக்கத்துக்கு எதிரா தானே நின்னு யோசிச்சதால அந்த ரெண்டாவது எக்ஸ்பெரிமென்ட் பிறந்துச்சு. நீங்க இன்னொரு எக்ஸ்பெரிமென்ட் பண்ண வேண்டியதில்ல, அந்த இன்னொரு விளக்கத்த ஒரு பத்தியில எழுதி, அத எப்படி சோதிக்கலாம்னு சொன்னா போதும்.

லிமிடேஷன்ஸ்ல ‘சாம்பிள் குறைவு, நேரம் இல்லை, இன்னும் நிறைய பேரிடம் செய்ய வேண்டும்’னு எல்லா ரெக்கார்டுலயும் ஒரே மூணு வரி இருக்கும். எந்த ஸ்டடிக்கும் ஒட்டுற வரி உங்க ஸ்டடியப் பத்தி எதுவும் சொல்லல. உங்க அறையில டியூப்லைட் வெளிச்சத்துல ஊதாவும் நீலமும் ஒரே மாதிரி தெரிஞ்சுதா? ஸ்டாப்வாட்ச்ச கையால அமுக்குனதுல ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் நேரம் முன்ன பின்ன ஆச்சா? பார்ட்டிசிபன்ட்ஸ் எல்லாரும் சைக்காலஜி மாணவர்களா, அதுல பாதிப் பேருக்கு ஸ்ட்ரூப் டெஸ்ட் ஏற்கனவே தெரியுமா? ஒவ்வொண்ணும் ரிசல்ட்ட எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்னும் சேர்த்து எழுதுங்க. கையால அமுக்குற தப்பு ரெண்டு ஷீட்டுக்கும் ஒரே மாதிரிதான் வரும், அதனால இவ்வளவு பெரிய வித்தியாசத்த அது உண்டாக்கியிருக்க முடியாதுன்னு எழுதினீங்கன்னா அது யோசிச்ச லிமிடேஷன். ‘நிரூபித்தது’ங்கிற சொல்ல டிஸ்கஷன்ல எங்கயுமே போடாதீங்க, ஒரு ஸ்டடி ஆதரவு தரும், அவ்வளவுதான்.

அப்ஸ்ட்ராக்ட் முதல் பக்கத்துல இருந்தாலும் கடைசியா எழுதுங்க. ஏபிஏ கணக்குல 250 வார்த்தைக்குள்ள, ஒரே பத்தி. கேள்வி, யார், என்ன பண்ணோம், என்ன கிடைச்சுது, அதுக்கு என்ன அர்த்தம், இந்த அஞ்சும் ஒவ்வொரு வாக்கியம் எடுத்துக்கிட்டாலே பாதி ஆயிடும். ‘முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன’ன்னு எழுதி ஒரு வாக்கியத்த வீணாக்காதீங்க, முடிவையே சொல்லிடுங்க. தலைப்புல எத மாத்தினீங்க, எத அளந்தீங்கன்னு ரெண்டும் தெரிஞ்சா போதும்.

ரெஃபரன்ஸ்ல உள்ள சொன்ன ஒவ்வொருத்தரும் கடைசியில இருக்கணும், கடைசியில இருக்குற ஒவ்வொருத்தரும் உள்ள இருக்கணும், இத விரல் வச்சு ஒண்ணு ஒண்ணா சரிபாருங்க. பாடப்புத்தகத்துல ஸ்ட்ரூப்ப பத்தி படிச்சுட்டு 1935 கட்டுரையவே படிச்ச மாதிரி போடக்கூடாது, எந்தப் புத்தகத்துல படிச்சீங்களோ அத சொல்லி அது வழியான்னு எழுதணும். அந்தக் கட்டுரை இணையத்துல இலவசமாவே கிடைக்குது, ஒரு சாயங்காலம் போதும், படிச்சுட்டே போடலாம். வேற ஒருத்தர் வாக்கியத்துல நாலு சொல்ல மாத்திப் போடுறதும் காப்பிதான். படிச்சு முடிச்சு, மூடி வச்சுட்டு, பக்கத்துல இருக்குறவங்களுக்கு வாயால சொல்லிட்டு, சொன்னத எழுதுங்க, உங்க நடையிலயே வந்துடும்.

ரெக்கார்டு சைன் ஆனதும் ரா டேட்டா ஷீட்ட குப்பையில போடாதீங்க. யாரோட பேரும் தெரியாத மாதிரி பி1, பி2ன்னு கோட் போட்டு, ஒவ்வொருத்தரோட ரெண்டு நேரத்தையும் தேதியோட ஒரு ஷீட்ல ஏத்தி, நிற ஷீட்டோட ஒரு காப்பியையும், நீங்க சொன்ன இன்ஸ்ட்ரக்சனையும், எந்த சாஃப்ட்வேர்ல எந்த டெஸ்ட் போட்டீங்கங்கிறதையும் அதே ஃபோல்டர்ல வச்சுக்கோங்க, அடுத்த வருஷ ஜூனியர் யாராவது உங்க சராசரி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா அந்த ஃபோல்டரத் திறந்து காட்டுங்க.